நகுதற்கான நட்பு: ‘சைன்ஃபெல்ட்’ தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் அன்றாடமும் இடித்துரையாமையும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1989 முதல் 1998 வரை ஒளிபரப்பான ‘சைன்ஃபெல்ட்’ நகைச்சுவைத் தொடர் ‘ஒன்றுமில்லாததைப் பற்றிய தொடர்’ என்று அறியப்பட்டது. இப்பெயர் தொடரின் உண்மையான பொருளை மறைத்துவிடுகிறது. அன்றாட வாழ்வின் எழுதப்படாத விதிகளைப் பற்றி நான்கு நண்பர்கள் ஓயாது வழக்காடுகின்றனர். ஆனால் ஒருவரும் மற்றவரைத் திருத்துவதில்லை. இந்த இடித்துரையாமையே தொடரின் நகைச்சுவைக்கு அடிப்படை என்பதும், பெரிதும் குறைகூறப்பட்ட இறுதிப்பகுதி அதன் இயல்பான விளைவு என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள். நட்பு குறித்துத் திருக்குறள் கூறும் அளவுகோலும், நகை பற்றிய தொல்காப்பியப் பகுப்பும் இவ்வாய்வுக்குக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சைன்ஃபெல்ட், தொலைக்காட்சி நகைச்சுவை, நட்பு, அன்றாடம், இடித்துரைத்தல், நகை, மெய்ப்பாடு.

முன்னுரை

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் நட்பு பெரும்பாலும் நல்லுணர்வின் களமாகவே காட்டப்படுகிறது. ஒரு சிறு பிணக்கு எழும், நண்பர்கள் பிரிவர், பகுதி முடிவதற்குள் தவறு உணர்ந்து தழுவிக்கொள்வர். பார்வையாளரின் சிரிப்பு இறுதியில் நெகிழ்ச்சியாக மாறும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நெடுங்காலம் நிலைபெற்றிருந்த இவ்வாய்பாட்டை முற்றிலும் மறுத்த தொடர் ‘சைன்ஃபெல்ட்’. அதன் எழுத்தாளர்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட விதி ‘தழுவலும் இல்லை, படிப்பினையும் இல்லை’ என்பதாகும். எந்தப் பாத்திரமும் நெகிழ்ந்து மற்றவரைத் தழுவக் கூடாது. எந்தப் பாத்திரமும் தன் தவற்றிலிருந்து பாடம் பெறக் கூடாது.

இவ்விதி வெறும் எழுத்து உத்தியாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. எனினும் அது நட்பைப் பற்றிய ஒரு கருத்தையும் தன்னுள் கொண்டுள்ளது. திருக்குறளின் நட்பு அதிகாரம் (79) நட்புச் செய்வது கூடிச் சிரிப்பதற்காக அன்று என்றும், நண்பர் எல்லை மீறும்போது முற்பட்டுச் சென்று இடித்துரைப்பதற்காகவே என்றும் கூறுகிறது (குறள் 784). இந்த அளவுகோலை முன்வைத்து நோக்கினால், ‘சைன்ஃபெல்ட்’ காட்டுவது குறள் மறுத்த நட்பையே என்பது புலனாகும். சிரிப்பதற்காக மட்டும் அமைந்த நட்பு எவ்வாறு இயங்கும், எங்குக் கொண்டுசேர்க்கும் என்னும் வினாவை இத்தொடர் ஒன்பது பருவங்கள் வழியாக ஆராய்ந்துள்ளது.

பகுதிகளின் தலைப்புகள் இக்கட்டுரையில் தமிழாக்கமாகவே தரப்படுகின்றன.

தொடரின் தோற்றமும் அமைப்பும்

மேடை நகைச்சுவையாளர்களான ஜெர்ரி சைன்ஃபெல்டும் லாரி டேவிட்டும் இத்தொடரை உருவாக்கினர். முன்னோட்டப் பகுதி 1989 ஜூலை 5 அன்று ஒளிபரப்பானது. அதற்கு ஊக்கமளிக்கும் வரவேற்பு இல்லை. அடுத்த ஆண்டில் நான்கு பகுதிகள் மட்டுமே வெளியாயின. அத்தகைய எளிய தொடக்கத்திலிருந்து வளர்ந்த தொடர், 1998 மே 14 அன்று நிறைவுற்றபோது 180 பகுதிகளைக் கொண்டிருந்தது. இறுதிப்பகுதியை அமெரிக்காவில் ஏறத்தாழ 7.6 கோடிப் பேர் பார்த்தனர்.

முதன்மைப் பாத்திரங்கள் நால்வர். நகைச்சுவையாளராகத் தன் பெயரிலேயே தோன்றும் ஜெர்ரி; அவனுடைய பள்ளிக்கால நண்பனும், லாரி டேவிட்டின் இயல்புகளைத் தழுவிப் படைக்கப்பட்டவனுமாகிய ஜார்ஜ் கோஸ்டான்சா; ஜெர்ரியின் முன்னாள் காதலியும் இந்நாள் தோழியுமான எலெய்ன் பெனிஸ்; எதிர்வீட்டில் வாழ்ந்து, கதவைத் தட்டாமல் உள்ளே நுழையும் கிரேமர். இவர்களுள் எலெய்ன் முன்னோட்டப் பகுதியில் இல்லை, பின்னரே சேர்க்கப்பட்டாள். ஜேசன் அலெக்சாண்டர், ஜூலியா லூயி டிரைஃபஸ், மைக்கேல் ரிச்சர்ட்ஸ் ஆகியோர் முறையே ஜார்ஜ், எலெய்ன், கிரேமர் பாத்திரங்களை ஏற்று நடித்தனர்.

கதைக்களம் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதி. ஜெர்ரியின் குடியிருப்பும் ஒரு சிற்றுண்டி விடுதியுமே மீண்டும் மீண்டும் வரும் இடங்கள். குடும்பமோ அலுவலகமோ இவர்களைப் பிணைக்கவில்லை. உறவுக் கடமையும் பணிக் கடமையும் இல்லாத நிலையில், பேச்சு ஒன்றே இவர்களை ஒன்றாக வைத்திருக்கிறது.

‘ஒன்றுமில்லாதது’ என்னும் அடையாளம்

தொடரைப் பற்றிய புகழ்பெற்ற விளக்கம் தொடருக்குள்ளேயே பிறந்தது. 1992இல் தொடங்கிய நான்காம் பருவத்தில் ஜெர்ரியும் ஜார்ஜும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கான கருவை என்.பி.சி. அலுவலர்களிடம் முன்வைக்கின்றனர். அத்தொடர் எதைப் பற்றியது என்று கேட்கப்பட்டபோது, ‘ஒன்றுமில்லாததைப் பற்றியது’ என்று ஜார்ஜ் பெருமிதத்துடன் விடையளிக்கிறான். தன்னைத் தானே எள்ளிக்கொண்ட இக்கூற்றே தொடரின் நிலையான அடையாளமாகிவிட்டது. ஆனால், உண்மையில் நிறுவனத்திடம் முன்வைக்கப்பட்ட கரு வேறு. ஒரு நகைச்சுவையாளர் தம் மேடைப் பேச்சுக்கான பொருளை அன்றாட வாழ்விலிருந்து எவ்வாறு பெறுகிறார் என்பதைக் காட்டுவதே அது என ஜெர்ரி சைன்ஃபெல்ட் பின்னாளில் விளக்கியுள்ளார். தொடக்கப் பருவங்களில் ஜெர்ரியின் மேடைப் பேச்சு பகுதிகளின் முதலிலும் முடிவிலும் இடம்பெற்றமைக்கு இதுவே காரணம்.

இவ்விளக்கம் ‘ஒன்றுமில்லாமை’ என்பதன் பொருளை மாற்றுகிறது. தொடரில் நிகழ்வு இல்லாமல் இல்லை, பெருநிகழ்வே இல்லை. 1991 மே மாதம் ஒளிபரப்பான ‘சீன உணவகம்’ என்னும் பகுதி இதற்குச் சிறந்த சான்று. ஜெர்ரி, ஜார்ஜ், எலெய்ன் மூவரும் ஓர் உணவகத்தில் மேசைக்காகக் காத்திருக்கின்றனர். பகுதி முழுவதும் அக்காத்திருப்பே. கதைக்குள் கழியும் நேரமும் பார்வையாளருக்குக் கழியும் நேரமும் ஒன்றாகவே அமைகின்றன. இதில் கதையே இல்லை என்று நிறுவன அலுவலர்கள் தயங்கினர்.

ஆயினும், அப்பகுதியில் நிகழ்வன பல. பசி தாங்காத எலெய்னை, பிறர் மேசையிலிருந்து ஓர் உணவுத் துண்டை எடுத்து உண்டால் ஐம்பது டாலர் தருவதாக ஜெர்ரி தூண்டுகிறான். ஜார்ஜ் தன் காதலிக்குத் தொலைபேசியில் பேச விரும்பி, பொதுத் தொலைபேசியை விடாமல் பற்றியிருப்போரிடம் வெகுளியைக் காட்டுகிறான். உடல்நலமில்லை எனத் தன் மாமாவிடம் பொய்சொல்லி வந்த ஜெர்ரி, அப்பொய் வெளிப்படும் நிலையை எதிர்கொள்கிறான். பொறுமையிழந்து மூவரும் வெளியேறிய அடுத்த நொடியில் அவர்களுக்குரிய அழைப்பு வருகிறது. வரிசை, முறை, உரிமை, நாகரிகம், பொய் ஆகிய சமூக ஒழுங்கின் அடிப்படைகள் அனைத்தும் ஓர் உணவக வாயிலில் சோதனைக்கு உள்ளாகின்றன.

அதே ஆண்டு அக்டோபரில் வெளியான ‘வாகன நிறுத்தகம்’ என்னும் பகுதியும் இத்தகையதே. நால்வரும் தம் கார் நின்ற இடத்தை மறந்து ஒரு பெரிய நிறுத்தகத்துக்குள் அலைகின்றனர். எலெய்னின் கையிலுள்ள பையில் மீன்கள் உயிருக்குப் போராடுகின்றன. உதவி கேட்கப்படும் அயலார் எவரும் உதவுவதில்லை. இறுதியில் காரைக் கண்டுபிடித்தும் அது இயங்கவில்லை. படப்பிடிப்பின்போது கார் உண்மையாகவே பழுதுபட்டதால் அமைந்த முடிவு அது. எழுதப்பட்டிருந்த முடிவைவிடப் பொருத்தமாக அமைந்தது.

அன்றாடத்தின் எழுதப்படாத விதிகள்

தொடரின் உரையாடல்களை நோக்கினால், அவை பெரும்பாலும் வழக்குமன்ற வாதங்களின் வடிவில் அமைந்திருப்பது தெரியவரும். பெற்ற பரிசைப் பிறருக்குப் பரிசாகக் கொடுக்கலாமா? ஒருமுறை கடித்த தின்பண்டத்தைப் பொதுக் கிண்ணத்திலுள்ள தொடுகறியில் மீண்டும் தோய்க்கலாமா? பேசும்போது எவ்வளவு நெருங்கி நிற்கலாம்? எத்தனை சந்திப்புகளுக்குப் பின் ஓர் உறவைத் தொலைபேசியிலேயே முறித்துக்கொள்ளலாம்? இத்தகைய வினாக்களுக்குச் சட்டத்திலும் சமயத்திலும் விடையில்லை. ஆனால் நகர வாழ்வு இவற்றின் மேலேயே நடக்கிறது.

நண்பர்கள் இவ்விதிகளைக் கண்டறிகின்றனர்; பெயரிடுகின்றனர்; திருத்துகின்றனர். தொடர் பரப்பிய பல சொற்கள் அமெரிக்க ஆங்கிலத்தில் நிலைபெற்றதற்கு, பெயரில்லாத அனுபவங்களுக்கு அது பெயர் சூட்டியமையே காரணம். 1991இல் வெளியான ‘உடன்பாடு’ என்னும் பகுதியில், நட்பைக் கெடுக்காமல் உடலுறவு கொள்வதற்கான விதிகளை ஜெர்ரியும் எலெய்னும் ஒப்பந்தம்போல் வகுக்கின்றனர். விதிகள் துல்லியமாக இருந்தும் உடன்பாடு குலைகிறது. விதிகளால் உணர்வை ஆளமுடியாது என்பதே அதன் உட்பொருள்.

1992 நவம்பரில் ஒளிபரப்பான ‘போட்டி’ என்னும் பகுதி இவ்வகையில் தனிச்சிறப்புடையது. தற்புணர்ச்சியைத் தவிர்ப்பதில் நால்வருள் யார் நெடுநாள் நிற்பர் என்னும் பந்தயமே கதை. அச்செயலைக் குறிக்கும் சொல் ஓரிடத்தும் உச்சரிக்கப்படவில்லை. தமிழிலக்கண மரபில் இடக்கரடக்கல் எனப்படும் உத்தியை ஒரு முழுப்பகுதிக்கும் அடித்தளமாக்கிய இவ்வெழுத்துக்காக லாரி டேவிட் 1993இல் எம்மி விருது பெற்றார்.

நட்பின் இயல்பு: சேர்தலும் பிரிதலும்

விதிகளைப் பற்றி இவ்வளவு பேசும் இத்தொடர், நட்பையும் விதிகளுக்கு உட்படுத்திப் பார்க்கிறது. முதற்பருவத்தில் (1990) ஜெர்ரி தன் சிறுவயது நண்பன் ஒருவனிடமிருந்து விலக விரும்புகிறான். அந்நட்புக்குக் காரணம், அச்சிறுவன் வீட்டில் மேசைப்பந்து மேசை இருந்தது என்பதே. காதலை முறிக்க ஒரு முறை உண்டு. நட்பை முறிக்க முறையில்லை. ஜெர்ரி காதல் முறிவின் சொற்களையே நட்புக்குப் பயன்படுத்துகிறான். நண்பன் அழத் தொடங்கவே தன் சொற்களைத் திரும்பப் பெறுகிறான். 1992இல் வெளியான மற்றொரு பகுதியில், பேஸ்பால் வீரர் கீத் ஹெர்னாண்டஸ் தாமாகவே தோன்றுகிறார். அவருடன் ஏற்படும் புதிய நட்பை ஜெர்ரி ஒரு காதலைப்போல் பதற்றத்துடன் வளர்க்கிறான். வீடு மாற்றுவதற்கு உதவுமாறு அவர் கேட்டதும், இவ்வளவு விரைவில் இத்தகைய உதவியைக் கேட்கலாமா என்று ஜெர்ரி கலங்குகிறான்.

உதவி என்பது இத்தொடரில் எப்போதும் ஒரு சுமையாகவே வருகிறது. ஆடை நழுவும்போது கை விரைந்து காப்பதுபோல நண்பனின் துன்பத்தைக் களைவதே நட்பு என்பது குறளின் மற்றோர் அளவுகோல் (788). ‘சைன்ஃபெல்ட்’ நண்பர்களின் கை நழுவும் ஆடையை நோக்கி விரைவதில்லை. நழுவியதைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறது.

எனினும், இந்நட்பில் ஒன்றுமில்லை என்று கூறுவது பிழையாகும். இந்நால்வரும் தம் அற்பத்தனத்தை மற்றவரிடம் மறைப்பதில்லை. வெளியுலகில் பொய்யே உருவான ஜார்ஜ், ஜெர்ரியிடம் மட்டும் தன் பொய்களையெல்லாம் ஒளிவின்றிச் சொல்கிறான். கேட்பவன் வெகுளுவதில்லை, அறிவுரை கூறுவதில்லை, பொய்யின் நுட்பத்தை மட்டும் ஆராய்கிறான். நடிக்கத் தேவையில்லாத ஓரிடம் நகரத்தில் தமக்கு உண்டு என்பதே இவர்களை நாள்தோறும் ஒரே மேசைக்கு வரவழைக்கிறது. இடித்துரையாமை இங்கு ஒருவகை விடுதலையாகவும் செயற்படுகிறது. பார்வையாளர் இந்நட்பை விரும்பியதற்கும் இதுவே காரணம்.

நகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. பிறரை எள்ளி நகுவதும், பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுவதும் என எள்ளலை இருவகையாக உரையாசிரியர் பேராசிரியர் விரிப்பார். ஜெர்ரியின் நகை முதல்வகை. அவன் எப்போதும் வெளியே நின்று பார்ப்பவன். உலகைப் பற்றிய ஐயமின்மையால் விளையும் கிரேமரின் நகை, முதியவனிடம் காணப்படும் இளமை. எலெய்ன் தன்னை அறிவுடையவளாகக் கருதிக்கொள்ளும் வேளைகளிலேயே பேதைமைக்கு ஆளாகிறாள்.

மடன் ஜார்ஜுக்கு உரியது. பிறர் கற்பித்ததை ஏற்று, ஏற்றதை விடாதிருத்தல் என்று உரைமரபு மடத்தை விளக்குகிறது. 1994 பிப்ரவரியில் ஒளிபரப்பான ‘கடல்வாழ் உயிரியலாளர்’ என்னும் பகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஜார்ஜ் கல்லூரிக்காலத்தில் விரும்பிய பெண்ணிடம், அவன் கடல்வாழ் உயிரியலாளன் என்று ஜெர்ரி பொய்சொல்கிறான். ஜார்ஜ் அப்பொய்யை விடுவதில்லை. கடற்கரையில் ஒரு திமிங்கலம் உயிருக்குப் போராட, அதைக் காக்குமாறு அப்பெண் வேண்ட, அவன் கடலுக்குள் இறங்குகிறான். திமிங்கலத்தின் மூச்சுத்துளையை அடைத்திருந்த பொருள், கிரேமர் கடற்கரையில் நின்று அடித்த கோல்ஃப் பந்து.

மூன்று தனிக்கதைகள் இறுதியில் ஒரே முடிச்சில் சேரும் இவ்வமைப்பு தொடரின் முதன்மையான கட்டமைப்பு உத்தி. இதில் தற்செயலைவிட ஆழமான ஒரு பொருள் உண்டு. ஒருவர் எண்ணாது செய்த சிறுசெயல் மற்றவரின் வாழ்வைத் தாக்குகிறது. ஆனால் எவரும் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. தொடர்பு உண்டு, பொறுப்பு இல்லை. அதே ஆண்டு மே மாதம் வெளியான ‘எதிர்மாறு’ என்னும் பகுதியில், தன் உள்ளுணர்வுகள் யாவும் தவறானவை என்று ஜார்ஜ் உணர்ந்து, ஒவ்வொன்றுக்கும் நேர்மாறாகச் செயற்படுகிறான். உண்மை பேசி வெற்றியும் பெறுகிறான். எனினும் அப்படிப்பினை நிலைப்பதில்லை.

இடித்துரையாமையின் எல்லை

1996 மே மாதம் ஒளிபரப்பான ‘அழைப்பிதழ்கள்’ என்னும் பகுதியில் இவ்வியல்பு அதன் எல்லையைத் தொடுகிறது. மணவினையை விரும்பாத ஜார்ஜ், திருமண அழைப்பிதழ்களுக்கு மிக மலிவான உறைகளைத் தேர்கிறான். அவற்றின் பசையை நாவால் நனைத்து ஒட்டிய அவனுடைய மணமகள் சூசன், பசையிலிருந்த நஞ்சால் இறக்கிறாள். மருத்துவமனையில் செய்தியறிந்த நண்பர்கள் சில நொடிகள் அமைதியாக நிற்கின்றனர். பின்னர்க் காப்பி அருந்தச் செல்கின்றனர்.

இக்காட்சி பார்வையாளர் பலரை அதிர்ச்சிக்கு உள்ளாக்கியது. ஆனால் தொடரின் விதியை அது மீறவில்லை. அவ்விதியைச் சாவின் முன்னும் தளர்த்தாமல் கடைப்பிடித்தது. துயரப்படுமாறு ஜார்ஜிடம் ஒருவரும் கூறுவதில்லை. கூறினால் நட்பு வேறொன்றாகிவிடும். உணவக வரிசையைப் பற்றி நகைப்பதற்கும் ஒரு பெண்ணின் சாவைக் கடந்து செல்வதற்கும் இடையே கோடு கிழிக்கும் எவரும் அக்குழுவில் இல்லை என்பதை இக்காட்சி வெளிப்படுத்துகிறது.

இறுதிப்பகுதி: நீதிமன்றம் இடித்துரைத்தல்

ஏழாம் பருவத்துக்குப் பின் விலகியிருந்த லாரி டேவிட், இறுதிப்பகுதியை எழுதுவதற்காகத் திரும்பினார். அதில் நால்வரும் செல்லும் விமானம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஒரு கற்பனைச் சிற்றூரில் தரையிறங்குகிறது. அங்கு ஒருவரிடமிருந்து துப்பாக்கிமுனையில் கார் பறிக்கப்படுகிறது. நண்பர்கள் அதைத் தடுக்க முயலாமல், பறிகொடுத்தவரின் உடற்பருமனை நகைத்தவாறு காட்சியை ஒளிப்பதிவு செய்கின்றனர். ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்னும் சட்டத்தின்கீழ் கைதாகின்றனர். முந்தைய பகுதிகளில் இவர்களால் பாதிக்கப்பட்டோர் ஒருவர்பின் ஒருவராகச் சாட்சி கூறுகின்றனர். நால்வருக்கும் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்படுகிறது.

இம்முடிவு பெருத்த ஏமாற்றத்தை அளித்தது. நகைச்சுவைத் தொடர் இறுதியில் அறநெறி போதிப்பதாகக் குறைகூறப்பட்டது. ஆனால் மேற்கண்ட சான்றுகளின் அடிப்படையில் இதனை வேறுவகையிலும் விளக்கலாம். இடித்துரைத்தல் என்னும் செயல் இந்நட்புக்குள் ஒன்பது பருவங்களிலும் நிகழவில்லை. உள்ளே எழாத அக்குரல் இறுதியில் வெளியிலிருந்து, நீதிமன்றத்தின் குரலாக எழுகிறது. நண்பர் செய்யத் தவறியதைச் சட்டம் செய்கிறது. குறள் நண்பர்க்கிடையிலான கடமையையே பேசுகிறது. சட்டம் பேசுவது அயலார்க்கான கடமையை. இவ்விரண்டையும் இறுதிப்பகுதி இணைக்கிறது. நண்பர்க்குள் திருத்தப்படாதவர் அயலாரின் துன்பத்தையும் நகைக்கான பொருளாகவே காண்பர் என்பது அவ்விணைப்பின் பொருள்.

சாட்சிகளின் அணிவகுப்பு பார்வையாளரையும் கூண்டில் நிறுத்துகிறது. ஒவ்வொரு சாட்சியும் நினைவூட்டுவது, பார்வையாளர் முன்பு மகிழ்ந்து சிரித்த ஒரு நிகழ்வையே. அச்சிரிப்பின் மறுபக்கத்தில் ஒருவர் வருந்தியிருந்தார் என்பது அப்போதுதான் உறைக்கிறது. இறுதிப்பகுதி எழுப்பிய சினத்தில் இவ்வுறுத்தலுக்கும் பங்குண்டு எனக் கருதலாம்.

ஆயினும் தொடர் தன் விதியை இறுதிவரை கைவிடவில்லை. சிறையறையில் ஜெர்ரி ஜார்ஜின் சட்டைப் பொத்தான் தைக்கப்பட்ட இடத்தைக் குறைகூறுகிறான். முன்னோட்டப் பகுதியில் இருவரும் பேசிய முதல் உரையாடலும் அதுவே. இதை முன்பே பேசியிருக்கிறோமே என்று ஜார்ஜ் ஐயுறுகிறான். தண்டனையும் இவர்களுக்குக் கற்பிக்கவில்லை. பேச்சு தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. 2024 ஏப்ரலில் நிறைவுற்ற லாரி டேவிட்டின் மற்றொரு தொடரான ‘கர்ப் யுவர் என்தூசியாசம்’ இதே வழக்குமன்றக் காட்சியை மீண்டும் அமைத்து, இம்முறை தண்டனையை நீக்கியது. சைன்ஃபெல்ட் தொடரை இப்படித்தான் முடித்திருக்க வேண்டும் என்று ஜெர்ரியும் லாரியும் அதில் பேசிக்கொள்வது, 26 ஆண்டுகளுக்குப் பின்னும் அத்தீர்ப்பு பேசித் தீராத பொருளாக இருப்பதைக் காட்டுகிறது.

முடிவுரை

‘சைன்ஃபெல்ட்’ ஒன்றுமில்லாததைப் பற்றிய தொடர் அன்று. பெருநிகழ்வுகள் நீக்கப்பட்ட அன்றாடத்தில் மனிதர் தமக்குள் வகுத்துக்கொள்ளும் விதிகளைப் பற்றிய தொடர். அதன் நகை, விதிகளை நுணுக்கமாக அறிந்தவர்கள் அவற்றின் அடிப்படையான பிறர்நலத்தை அறியாதிருக்கும் முரணிலிருந்து பிறக்கிறது. நால்வரின் நட்பு ஒளிவின்மையையும் விடுதலையையும் தருகிறது; இடித்துரைத்தலையும் துன்பம் களைதலையும் தருவதில்லை. நட்பின் இவ்விரு கூறுகளையும் பிரித்து, முதற்கூறை மட்டும் வைத்துக்கொண்டால் நிகழ்வது என்ன என்பதை இத்தொடர் காட்டுகிறது. அந்நட்பு நீடிக்கும், இனிமையாகவும் இருக்கும், ஆனால் அதற்குள் ஒருவரும் வளர்வதில்லை. இறுதிப்பகுதியைப் பிழையாகக் கருதாமல் தொடரின் தருக்கவழி முடிவாகக் கருதுவதற்கு இதுவே காரணம். நகைச்சுவைத் தொடர்களில் நட்பை ஆராய்வோர், நண்பர்கள் எதற்குச் சிரிக்கின்றனர் என்பதோடு, எப்போது சிரிப்பை நிறுத்துகின்றனர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.